இமெல்டாவிடம் யாரும் கேட்காத கேள்வி

மிஸ் இமெல்டாவுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், பிள்ளைகள் நான்கு பேர். ஆனாலும் மிஸ்தான். எங்கள் அரசாங்கக் கந்தோர்களில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்த அன்று மிஸ் ஆனால், பென்சன் எடுக்கும்வரை மிஸ். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அவருடைய கணவர் றேமண்டும், எதைக் கேட்டாலும் "மிஸ்ஸிட்டக் கேட்டுத்தான் சொல்லவேணும்" என்பார். பகிடி விடுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகு, மனிதர் உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது.

அந்த வீட்டுச் சமையலறையில் மிளகாய்த்தூள் போத்தலிலும் ஒட்டுத்தாள் இருந்தது. உள்ளே என்ன, எப்போது இட்டது, இட்டவர் யார் என்று எழுதிக் கீழே சின்னதாக ஒரு கையெழுத்து. றேமண்ட் மீன் வாங்கி வந்தால் யாரிடம் வாங்கியது, எத்தனை மணிக்கு, வழியில் எங்கேயாவது வைத்தாரா என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். ஒருமுறை பாரை மீனைச் சைக்கிளில் கொழுவிவிட்டு, சந்தியில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "அந்த இருபது நிமிஷம் மீன் ஆற்ற பொறுப்பில இருந்தது?" என்று கேட்டாராம் மிஸ். மீன் பூனைக்குப் போனது.

ஓர் அரசாங்க ஆய்வுகூடத்தில் காய்ந்த இரத்தத்தைப் பரிசோதிப்பது அவருடைய உத்தியோகம். ஊருக்கு அவர் 'ரத்தம் பாக்கிற மிஸ்'. நத்தார் பண்டிகைக்கு அவர் வீட்டுக் கட்லட் தட்டு வந்தால் அயலவர்கள் நன்றி சொல்லி வாங்குவார்கள். வாங்கி, ஒரு கணம் யோசிப்பார்கள். பிறகு சாப்பிடுவார்கள், ஏனென்றால் அது நல்ல கட்லட்.

நான் நாகேந்திரம். சட்டத்தரணி. வீடு வெள்ளவத்தையில், அலுவலகம் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில். இந்தக் கதையில் ஒரு குற்றவாளி வேண்டுமென்றால் அது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரமப்பட்டுத் தேட வேண்டாம்.

மிஸ் இமெல்டாவை நான் முதலில் கண்டது நீதிமன்றத்தில், சாட்சிகள் உட்காரும் வாங்கில். மடியில் ஒரு மண்ணிறக் கடதாசிப் பார்சல், அதன் முடிச்சில் சிவப்பு அரக்கு முத்திரை. காலை ஒன்பது மணிக்கு வந்து உட்காருவார். மத்தியானம் வழக்குக்கு அடுத்த மாதம் தவணை போடுவார்கள். பார்சலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டு மூன்று தவணைக்குப் பிறகு ஒருநாள் கூண்டில் ஏறக் கிடைக்கும். பெயர் என்ன, என்ன பட்டம், எத்தனை வருஷச் சேவை, முத்திரை உடையாமல் இருந்ததா? அறிக்கையை வாசிப்பார். பிறகு எதிரித் தரப்புச் சட்டத்தரணி எழும்பி, இடுப்பை மெல்ல வளைத்து, "நோ குவெஸ்சன்ஸ், யுவர் ஒனர்" என்பார். கதை முடிந்தது.

ஏன் கேள்வி இல்லை? எங்கள் தொழிலில் ஒரு மந்திரம் உண்டு: பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே. நல்ல மந்திரம்தான். ஆனால் விஞ்ஞானத்தை எட்டாம் வகுப்போடு கைகழுவிவிட்டுச் சட்டக் கல்லூரிக்கு வந்த எங்களுக்கு ஒரு பதிலும் தெரியாது. ஆகவே ஒரு கேள்வியும் இல்லை. இந்த வெறுமையை நாங்கள் மிகுந்த கம்பீரத்தோடு அரங்கேற்றினோம். கறுப்புக் கோட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காரும்போது, சாட்சியை மன்னித்து அனுப்புகிறவர் போல ஒரு தோற்றம் வரும்.

மிஸ் இமெல்டா இதற்கும் ஒரு கொப்பி வைத்திருந்தார். இருநூற்றுப் பதினான்கு தடவை கூண்டில் ஏறினார். அதில் நூற்றுத் தொண்ணூற்றொரு தடவை கேள்வியே இல்லை. மிச்சத்தில் பாதிப் பேர் சேவைக்காலத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஒருவர், பூதக்கண்ணாடி எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டார்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஓகஸ்ட் மாதம் ஷரீப்பின் வழக்கு வந்தது. ஷரீப்புக்கு அப்போது இருபத்துநாலு வயது. கொட்டாஞ்சேனையில், படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையில் கண்ணாடி வெட்டுகிறவன். பக்கத்துத் தெருத் துணிக்கடை ஒன்றின் பின் ஜன்னலை யாரோ உடைத்துப் புகுந்து, ஒரு கட்டுச் சாறிகளைக் கொண்டுபோயிருந்தார்கள். உடைந்த கண்ணாடியில் இரத்தம். பொலிஸார் இரண்டு ஒழுங்கை தள்ளி, இடக்கையில் காயத்தோடு இருந்த ஷரீப்பைப் பிடித்தார்கள். கண்ணாடி வெட்டுகிறவன் கையில் காயம் இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அதை எடுத்துச் சொல்ல அங்கே ஒரு சட்டத்தரணி இருந்தார். நான்தான். சொன்னதாக ஞாபகம் இல்லை.

மிஸ் இமெல்டா கூண்டில் ஏறினார். கண்ணாடியில் இருந்தது மனித இரத்தம், வகை பி. ஷரீப்பின் இரத்தமும் பி. நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஷரீப்பை ஒரு பார்வை பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார். எனக்கு அடுத்த மன்றத்தில் இன்னொரு வழக்குக் கூப்பிடப் போகிறார்கள். நான் எழும்பினேன், வளைந்தேன், நோ குவெஸ்சன்ஸ்.

மிஸ் இமெல்டா கூண்டை விட்டு இறங்கவில்லை. "கனம் நீதவான் அவர்களே, இன்னும் ஒரு விஷயம்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும்," என்றார் நீதவான். இறங்கினார். படிக்கட்டில் என் பின்னால் ஓடி வந்து, "மிஸ்டர் நாகேந்திரம், ஒரு நிமிஷம்," என்றார். "பிறகு மிஸ்," என்று நான் இறங்கிப் போய்விட்டேன். ஷரீப்புக்குப் பதினெட்டு மாதம். அந்தப் 'பிறகு' வந்து சேரப் பதினொரு வருஷம் எடுத்தது.

ஷரீப் வெளியே வந்து, கொட்டாஞ்சேனையிலேயே ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை போட்டார். போட்ட இடம், மிஸ் இமெல்டா வீட்டிலிருந்து புனித லூசியா கோயிலுக்குப் போகும் வழி. அன்றிலிருந்து மிஸ் வேறு வழியாகப் போனார். ஐந்து நிமிஷத் தூரம் இருபது நிமிஷமானது. "பாவசங்கீர்த்தனத்துக்குப் போறதுக்கே இவ்வளவு சுத்துப்பாதை எண்டால், நீர் என்னதான் செய்தனீர்?" என்று றேமண்ட் கேட்டுப் பார்த்தார். கடைசியில் மிஸ் பங்குச் சுவாமியிடம் சொன்னார். யாரும் கேட்காததால் சொல்லாமல் விட்டது பாவத்தில் சேராது என்று சுவாமி தீர்த்துவைத்தார். மிஸ்ஸுக்கு அது போதவில்லை. சுவாமியும் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்பது அவருடைய குறை.

தொண்ணூற்றொன்பதில் டிஎன்ஏ என்ற சொல் புதுக்கடைக்கு வந்தது. பெரிய லோயர்மாரும் அந்த மூன்றெழுத்தைக் குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினார்கள். எங்களுக்கு ஏதாவது படிப்பிக்க வேண்டும் என்று சட்டத்தரணிகள் சிலர் சேர்ந்து முடிவெடுத்து, நீதிபதிகள் சிலரையும் மரியாதையோடு அழைத்தோம். மூன்று சனிக்கிழமை. மண்டபம் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. வெள்ளவத்தையில் ரயில் பாதை ஓரம் ஒன்றைப் பிடித்தேன். படிப்பிக்க யார் என்று பார்த்தபோது, மிஸ் இமெல்டா அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டேன். "கேள்வி கேப்பீங்களா?" என்றார். "கட்டாயம் மிஸ்," என்றேன்.

முதல் சனிக்கிழமை முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஆறு பேர் நீதிபதிகள். அவர்களுக்கு முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள். அவர்களுக்குப் பின்னால் மூத்த லோயர்மார், அவர்களுக்குப் பின்னால் நாங்கள், கடைசியில் கறுப்புக் கோட் இன்னும் மினுங்குகிற புதியவர்கள். மிஸ் இமெல்டா இரத்த வகை, நார், மயிர், கைரேகை என்று இரண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரயில் போனது. ரயில் போகும்போது அவர் நிறுத்துவார். முன்வரிசை கண்ணை மூடி இளைப்பாறும்.

"கேள்வி இருக்கா?" என்றார் முடிவில்.

நீதிபதி கேட்டால் நீதிபதிக்குத் தெரியாது என்றாகிவிடும். நீதிபதிக்கு முன் மூத்தவர் கேட்பது மரியாதையில்லை. மூத்தவருக்கு முன் இளையவர் வாய் திறப்பதைப் பற்றிப் பேச்சேயில்லை. முப்பத்திரண்டு பேரும் அறிவு நிறைந்த முகத்தோடு சுவரைப் பார்த்தோம். மிஸ் இமெல்டா கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். இருநூற்றுப் பதினைந்து என்று குறித்ததாகப் பிறகு சொன்னார்.

போகும்போது எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். பெயர், விலாசம், இரத்த வகை, கீழே கையெழுத்து. அந்தக் காலத்துக் கொழும்பில் இரத்த வகை கேட்டால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே குண்டு வெடிக்கும், பஸ்ஸில் ஏறுகிறவன் வீடு வந்து சேருவானா என்று தெரியாத காலம். எல்லோரும் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தோம்.

இரண்டாம் சனிக்கிழமை அவர் பாடம் எதுவும் தொடங்கவில்லை. படிவக் கட்டை மேசையில் வைத்தார். "ஒரு வழக்குச் சொல்றன்," என்றார். "துணிக்கடை ஒண்டை உடைச்சிருக்கு. ஜன்னல் கண்ணாடியில ரத்தம். வகை பி. இந்த மண்டபத்தில ஆருக்கெல்லாம் பி எண்டு எனக்குத் தெரியும். தயவுசெய்து எழும்பி நில்லுங்க."

யாரும் அசையவில்லை. "படிவத்தில உங்கட கையெழுத்து இருக்கு," என்றார். முன்வரிசையில் ஒரு நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார். பிறகு கதிரைகள் நகர்ந்தன. எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் நான்.

"ஒம்பது கள்ளர்," என்றார் மிஸ் இமெல்டா. "இனி, கையில காயம் இருக்கிற ஆளைப் பாப்பம்."

எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கைகளில் ஒன்றும் இல்லை. ஆனால் எழும்பி நின்ற நீதிபதியின் நாடியில் ஒரு சின்னப் பிளாஸ்டர். காலையில் சவரம் செய்தபோது வெட்டிக்கொண்டாராம்.

"காயம் எண்டால் காயம்தானே சேர்," என்றார் மிஸ். "பதினெட்டு மாசம்."

மண்டபம் சிரித்து ஓய ஒரு ரயில் போகும் நேரம் எடுத்தது. நீதிபதியும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நின்றபடியே கேட்டார். "மிஸ், எனக்காக ஆஜரான லோயர் உங்களிடம் என்ன கேட்டிருக்க வேண்டும்?"

மிஸ் இமெல்டா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இந்த வகை இந்த ஊரில எத்தினை பேருக்கு இருக்கு எண்டு கேட்டிருக்கவேணும், சேர். நாலு பேரில ஒராளுக்கு எண்டு சொல்லியிருப்பன். நீங்க வீட்டுக்குப் போயிருப்பீங்க."

அதன் பிறகு கேள்விகள் வந்தன, ஐயா, அணை உடைந்த மாதிரி. டிஎன்ஏயிலும் இப்படித்தானா, அந்த எண்ணிக்கையை யார் எடுத்தது, ஆய்வுகூடத்தில் இரண்டு போத்தல் மாறினால் எப்படித் தெரியும், ஒரு சாட்சி நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால் எவ்வளவு நிச்சயம்? கடைசி வரிசைப் பெண் ஒருத்தி மூன்று கேள்வி கேட்டாள், மூத்தவர் யாரும் முறைக்கவில்லை. மிஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததற்குத் தெரியாது என்றார். ஒரு நிபுணர் தெரியாது என்று சொல்வதைப் பல பேர் அன்றுதான் முதல்முறை கேட்டோம்.

நான் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். துணிக்கடை, ஜன்னல், பி என்று அவர் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. வெட்கம் முகத்துக்கு ஏறினால் முகம் சிவக்கும் என்பார்கள். என் நிறத்துக்கு அது தெரியாது, அது ஒன்றுதான் எனக்கிருந்த அதிர்ஷ்டம். "இருங்க மிஸ்டர் நாகேந்திரம்," என்றார் மிஸ் இமெல்டா, குரலில் கோபம் இல்லாமல்.

தேநீர் இடைவேளையில் பட்டீஸ் தட்டோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அது என்ர வழக்கு, மிஸ்."

"ஓம். எண்பத்தெட்டு, ஓகஸ்ட் பதினேழு."

"படியில நீங்க சொல்ல வந்தது இதைத்தானா?"

"இதைத்தான். நீங்க பிறகு எண்டு சொன்னனீங்க."

பட்டீஸை வைத்துவிட்டேன். அப்போதுதான் கோயில் வழியையும் சுவாமியையும் பற்றிச் சொன்னார். "முப்பது பேருக்குச் சொல்லியாச்சு," என்றார். "சொல்லவேண்டிய ஆளுக்கு இன்னும் சொல்லேல்ல. தனியப் போக எனக்குத் தைரியமில்ல. நீங்களும் வாங்க."

போக எனக்கு விருப்பமில்லை. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். தோற்றுப்போன கட்சிக்காரரின் கடைக்கு எந்த லோயரும் சாப்பிடப் போவதில்லை. ஆனால் அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்த மிஸ் இமெல்டாவோடு நான் அந்த ஒழுங்கைக்குள் இறங்கினேன். ஏறக்குறைய ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் நேர்வழியால் நடந்தார். ஐந்து நிமிஷம்தான்.

ஷரீப் கண்ட உடனே எங்கள் இருவரையும் அடையாளம் கண்டுவிட்டார். தலைமயிர் முன்னால் உதிர்ந்திருந்தது. இடியப்பத் தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "வாங்க மிஸ், வாங்க சேர்," என்று வாங்கைத் துடைத்துவிட்டார். மரியாதையில் குறைவில்லை. முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

மிஸ் இமெல்டா உட்காரவில்லை. கூண்டில் நிற்பது போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஷரீப், அண்டைக்கு என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. நானாச் சொல்லவும் விடேல்ல. அந்த ரத்தம் உங்கட எண்டு என்ர றிப்போட்டில இல்ல. பி எண்டு மட்டும்தான் இருக்கு. நாலு பேரில ஒராளுக்கு அது இருக்கும். இந்தக் கொட்டாஞ்சேனையில மட்டும் ஆயிரக்கணக்கில இருக்கும்."

பதினொரு வருஷம் வாயில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"அது தெரியுமே மிஸ்," என்றார் ஷரீப்.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"ஜெயில்ல ஒரு அறையில பதினாறு பேர் ஈந்தோம். ரத்தம் குடுக்கச் செல்லி ஆக்கள் வந்தாங்க. வகை பாத்தாங்க. அந்த அறையில மட்டும் நாலு பேருக்கு பி. அப்பதான் எனக்கு வெளங்கிச்சி." பிளேன்ரீ இரண்டை ஊற்றி முன்னால் வைத்தார். "நீங்க கூண்டில நிண்டு வாயத் தொறந்ததையும் கண்டேன். ஏதோ செல்ல வாறீங்க எண்டு தெரிஞ்சிச்சி. சேரக் கூப்பிட்டேன். சேருக்குக் கேக்கல்ல."

எனக்குக் கேட்டிருக்கும். பட்டம் வாங்கிய முப்பத்திரண்டு பேரை மண்டபத்தில் கூட்டி, துணி போர்த்திய கதிரை போட்டு, இரண்டு சனிக்கிழமையில் படித்த பாடத்தை இந்த மனிதர் ஒரு சிறையறையில் ஒரு காலையில் படித்துவிட்டார். தேநீரைக் குடித்தேன். சீனி போட மறந்திருந்தார், அல்லது மறக்கவில்லை.

"ஒண்டு கேக்கவா?" என்றார் ஷரீப். "கோவிக்க வாணாம். பொலிஸ் அடிச்சி, நீ செஞ்சாய் எண்டு செல்லு எண்டாங்க. சேர், கூண்டில ஏறாத, வாயத் தொறக்காத எண்டீங்க. மிஸ் ரத்தத்தப் பாத்தீங்க. ஐயா தீர்ப்புச் சென்னாரு. எங்கட வீட்டிலயும் கேக்கல்ல, பதில் என்னவா ஈக்குமோ எண்டு பயம். நான் செஞ்சனா இல்லையா எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒரு ஆள் என்னட்டக் கேக்கல்ல."

கட்சிக்காரரிடம் அதைக் கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். கேட்டால் பதிலைச் சுமக்க வேண்டி வரும். இதை அவருக்கு விளக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கே வெட்கப்பட்டேன். மிஸ் இமெல்டாவைப் பார்த்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தவர். இந்த ஆளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று அந்தக் கொப்பியில் எங்கேயும் இல்லை.

அவர் வாங்கில் ஷரீப்புக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஷரீப்," என்றார். "நீங்க அந்தக் கடைக்குள்ள போனனீங்களா?"

"இல்ல மிஸ்."

"அந்தக் கண்ணாடியை நீங்க உடைச்சனீங்களா?"

"இல்ல மிஸ். நான் கண்ணாடி வெட்டுற ஆள். ஒடைக்கிற ஆள் இல்ல."

மிஸ் இமெல்டா கைப்பையைத் திறந்து கொப்பியை எடுத்தார். ஒரு தாளை ஒழுங்காக மடித்துக் கிழித்து, கேட்ட இரண்டு கேள்வியையும் வந்த இரண்டு பதிலையும் தெளிவான எழுத்தில் எழுதினார். திகதி போட்டார். மணிக்கூட்டைப் பார்த்து நேரம் போட்டார். கையெழுத்து வைத்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் வைத்தேன். அதுவரை ஆயிரம் பத்திரங்களுக்குக் கீழே கையெழுத்து வைத்திருக்கிறேன்; அன்றைக்குப் போல் கை பாரமாக இருந்ததில்லை.

"இது எதுக்கு மிஸ்?" என்றார் ஷரீப். "இத வெச்சி ஒண்டும் செய்ய ஏலாதே."

"ஏலாதுதான்," என்றார் மிஸ் இமெல்டா. "கேட்டால் எழுதி வைக்கவேணும். அது என்ர பழக்கம்."

ஷரீப் அதை வாங்கி ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து, அந்தக் காலத்தில் கொழும்பில் சோதனைச் சாவடிகளில் காட்டுவதற்காக நாங்கள் எல்லோரும் எந்த நேரமும் நெஞ்சோடு வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்தார். தாளை நான்காக மடித்து, அட்டையின் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.